இரண்டு, ஒன்று, ஒன்று: திருகோணமலையின் வாக்குக் கணக்கும் செலவுக் கணக்கும்

திருகோணமலைத் தேர்தல் மாவட்டம் நாடாளுமன்றத்துக்கு நான்கு பேரை அனுப்புகிறது. 2004, 2010, 2015, 2020, 2024 என அடுத்தடுத்து நடந்த ஐந்து பொதுத் தேர்தல்களிலும் அந்த நான்கு ஆசனங்களும் ஒரே விதமாகத்தான் பிரிந்தன. முதலில் வந்த கட்சிக்கு இரண்டு. அடுத்து வந்த இரண்டுக்கும் ஒவ்வொன்று. முதலிடம் மட்டும் ஒருவர் கையில் நிற்கவில்லை. 2004இல் அது வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு (68,955 வாக்குகள்), 2010இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு (59,784), 2015இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு (83,638), 2020இல் ஐக்கிய மக்கள் சக்திக்கு (86,394), 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு (87,031). ஐந்து தேர்தல், ஐந்து வெவ்வேறு வெற்றியாளர்கள். இலங்கையில் இப்படி ஒவ்வொரு முறையும் முதலிடத்தை மாற்றிக்கொடுத்த மாவட்டங்கள் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஆசனப் பங்கீடு அசையவே இல்லை.

இதை வைத்துக்கொண்டுதான் தேர்தல் செலவைப் பற்றிப் பேச வேண்டும். காசு எங்கே வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் எந்த இடத்தில் வாக்கு ஆசனமாக மாறுகிறது என்று தெரிய வேண்டும்.

விதி எளிது. மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்த கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் முதலில் கழிக்கப்படும். முதலில் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சமிருக்கும் மூன்றையும், தடையைத் தாண்டிய கட்சிகளின் மொத்த வாக்கை மூன்றால் வகுத்துவரும் எண்ணைக் கொண்டு பங்கிடுவார்கள். முழு எண் கிடைக்காத ஆசனங்கள், மீதி வாக்கு அதிகமுள்ளவருக்குப் போகும்.

2024 நவம்பர் 14 முடிவில் இதைப் போட்டுப் பார்ப்போம். தடையைத் தாண்டியவை மூன்று: தேசிய மக்கள் சக்தி 87,031, ஐக்கிய மக்கள் சக்தி 53,058, இலங்கைத் தமிழரசுக் கட்சி 34,168. கூட்டினால் 174,257. மூன்றால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 58,086 வாக்கு. அந்த விலையைக் கொடுக்க முடிந்தது தேசிய மக்கள் சக்திக்கு மட்டுமே. போனஸ் ஒன்று, விலை கொடுத்து ஒன்று என அதற்கு இரண்டு ஆயிற்று. கையில் மீதி 28,945. மற்ற இரண்டு ஆசனங்களும் மீதிக் கணக்கில் ஐக்கிய மக்கள் சக்திக்கும் தமிழரசுக் கட்சிக்கும் போயின. அதாவது தமிழரசுக் கட்சியின் ஆசனம், தேசிய மக்கள் சக்தியின் மீதி வாக்கை 5,223ஆல் முந்தியதால் வந்த ஆசனம்.

கடைசி ஆசனத்தின் இந்த இடைவெளியை மற்றத் தேர்தல்களுக்கும் கணித்தால், 2010இல் ஏறத்தாழ 17,700, 2015இல் 10,800, 2020இல் 18,000 என்று வருகிறது. 2024இல்தான் அது ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. இரண்டு, ஒன்று, ஒன்று என்ற பங்கீடு மூன்று, ஒன்று என்று மாற அவ்வளவு அருகில் வந்திருந்தது.

உண்மையில் அதைவிடவும் அருகில். தமிழரசுக் கட்சியிடமிருந்து வாக்குகள் பிரிந்து, 5 சதவீதத்தைத் தாண்டாத ஒரு சிறு பட்டியலுக்குப் போயிருந்தால், அந்த வாக்குகள் கணக்கிலிருந்தே கழிந்துவிடும். ஆசனத்தின் விலையும் கூடவே இறங்கும். முதற்கட்சியின் மீதி ஏறும். இரண்டு பக்கமும் வெட்டும் இந்தக் கணக்கின்படி, சுமார் 3,920 வாக்கு அப்படிச் சிதறியிருந்தாலே போதும், திருகோணமலையின் ஒரே தமிழரசு ஆசனம் போயிருக்கும். அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் வேறு மாவட்டங்களில் தனித்தனியே மோதிக்கொண்டு, திருகோணமலையில் மட்டும் வீட்டுச் சின்னத்தில் ஒரே பட்டியலாக நின்றது எவ்வளவு பெரிய முடிவு என்பதை மேடைப் பேச்சுகளைவிட இந்த எண் தெளிவாகச் சொல்கிறது.

சிதறடிக்க என்ன செலவாகும்? இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. நான்கு ஆசனமுள்ள மாவட்டத்தில் ஒரு வேட்புமனுவில் ஏழு பெயர் இருக்க வேண்டும். பதிவு பெற்ற கட்சிகள் நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கட்டுப்பணம் கட்டுவதில்லை. சுயேச்சைக் குழு என்றால் ஆளுக்கு 2,000 ரூபா. ஏழு பேருக்கு 14,000 ரூபா. ஒரு நல்ல ஒலிபெருக்கியை வாகனத்தோடு சில நாள் வாடகைக்கு எடுத்தால் அதைவிடக் கூட ஆகும். பதினாலாயிரம் ரூபாவுக்கு வாக்குச்சீட்டில் ஒரு சின்னம் கிடைத்துவிடுகிறது. அந்தச் சின்னத்துக்கு ஊருக்குள் முந்நூறு, நானூறு வாக்கு விழுந்தால் போதும். இப்படிப் பத்து, பன்னிரண்டு குழுக்கள் நின்றால் மூவாயிரம் நாலாயிரம் வாக்கு கரைவது பெரிய காரியமா?

சுயேச்சையாக நிற்பவர் எல்லோரும் யாரோ ஒருவரின் கைப்பாவை என்று சொல்வது அநியாயம். ஊர்ப் பிரச்சினைக்காக மனதார நிற்பவர்களும் உண்டு. ஆனால் பெரிய வேட்பாளரின் நிழலாக நிற்கும் குழுக்கள் உண்டென்பதும், வாகன அனுமதி, ஊடக நேரம், வாக்கெண்ணும் நிலையத்துக்கான முகவர் அட்டை எல்லாம் அவற்றின் வழியே இரட்டிப்பாகின்றன என்பதும் இலங்கையின் தேர்தல் கண்காணிப்பாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் குறை. அந்த நிழற்குழு செய்யும் செலவு பெரிய வேட்பாளரின் கணக்கில் வராது. நிழலின் கணக்கில்தான் வரும்.

இனி உள்ளே போவோம். வாக்குச்சீட்டின் மேற்பகுதியில் கட்சிப் பெயர்களும் சின்னங்களும். அடியில் வேட்பாளர் இலக்கங்கள் கொண்ட கட்டங்கள். சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி. பிறகு விரும்பினால் மூன்று இலக்கங்களுக்குப் புள்ளடி. அதுதான் விருப்பு வாக்கு. இந்த ஏற்பாடு வந்தபின் நடந்த முதல் பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில். அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டியலுக்குள்ளேயும் இன்னொரு தேர்தல் நடக்கிறது. திருகோணமலையில் கட்சிகளுக்கு இடையிலான பங்கீடு ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்ததாக இருக்கும்போது, வேட்பாளருக்கு உண்மையான எதிரி தன் பட்டியலில் நிற்கும் மற்ற ஆறு பேர்தான். சுவரில் ஒட்டப்படும் சுவரொட்டியைப் பாருங்கள்: கட்சித் தலைவரின் படம் ஓரத்தில் சிறிதாக, சின்னம் நடுவில், இலக்கம் மட்டும் அரைச் சுவருக்கு. அந்த இலக்கத்துக்குத்தான் காசு போகிறது.

2020இல் ஐக்கிய மக்கள் சக்தி பட்டியலில் எம். எஸ். தௌபீக் 43,759, இம்ரான் மகரூப் 39,029 விருப்பு வாக்குகள் பெற்று இரண்டு ஆசனங்களையும் எடுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து அதே கட்சிக்கு ஓர் ஆசனம் மட்டுமே. இம்ரான் மகரூப் 22,779உடன் அதைப் பிடித்தார், தௌபீக் தெரிவாகவில்லை. தமிழரசுப் பட்டியலில் 2020இல் இரா. சம்பந்தன் 21,422, அவர் 2024 ஜூன் 30இல் காலமானபின் அவரிடத்துக்கு வந்து, அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலிலும் வென்ற சண்முகம் குகதாசன் 18,470. தேசிய மக்கள் சக்தியில் அருண் ஹேமச்சந்திர 38,368, ரொஷான் அக்மீமன 25,814.

இந்தப் பெயர்களில் சிலவற்றுக்குப் பின்னால் கணக்கில் ஏறாத மூலதனம் இருக்கிறது. இம்ரானின் தந்தை எம். ஈ. எச். மகரூப் 1977இலேயே மூதூரின் நாடாளுமன்ற உறுப்பினர். 1997 ஜூலை 5இல் நாடாளுமன்ற உறுப்பினர் அ. தங்கத்துரை திருகோணமலையில் கொல்லப்பட்டார்; இரண்டு வாரம் கழித்து ஜூலை 20இல் மகரூப்பும் கொல்லப்பட்டார். தங்கத்துரையின் இடத்துக்குத்தான் சம்பந்தன் மீண்டும் நாடாளுமன்றம் போனார். உயிர் கொடுத்துச் சேர்ந்த பெயரை எந்தப் படிவத்தின் எந்த நிரலில் எழுதுவது? குடும்பப் பெயர், கோயில் பள்ளிவாசல் தொடர்பு, ஊர்ச் சங்கத் தலைமை இவையெல்லாம் விளம்பரச் செலவை மிச்சப்படுத்தும் சொத்துகள். புதிதாக வருபவர் அந்த இடைவெளியைக் காசால் நிரப்பப் பார்க்கிறார். காசில்லாதவர் கட்சியின் ஆட்பலத்தால் நிரப்பப் பார்க்கிறார்.

ஆட்பலத்துக்கு 2024 நல்ல சாட்சி. அந்த ஆண்டு செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் திருகோணமலையில் ஐக்கிய மக்கள் சக்தியின் சஜித் பிரேமதாச 120,000க்கு மேல் எடுத்தார்; தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க 50,000க்குக் கிட்ட. 54 நாளில் நிலைமை தலைகீழ்: தேசிய மக்கள் சக்தி 87,031, ஐக்கிய மக்கள் சக்தி 53,058. எட்டு வாரத்துக்குள் இவ்வளவு வாக்கைக் காசு கொடுத்து நகர்த்த முடியாது. ஜனாதிபதி யார் என்று முடிவானபின் ஆட்சிப்பக்கம் சாயும் வழக்கமான காற்று, மூன்று சமூகத்திலும் பழைய முகங்கள் மீது வந்த சலிப்பு, வீடு வீடாகப் போன தொண்டர்கள் எல்லாம் சேர்ந்தே அது நடந்தது. பெருந்தொகைதான் தேர்தலைத் தீர்மானிக்கிறது என்பவர்களுக்கு இந்த மாவட்டத்தில் ஆதாரம் கிடைக்காது. சிறுதொகை விளிம்பில் என்ன செய்யும் என்பதே இங்கே கேள்வி.

சட்டம் என்ன செய்கிறது? சுதந்திரத்துக்கு முன்பே, 1946இன் தேர்தல் கட்டளை பிரித்தானிய மாதிரியைப் பின்பற்றி வேட்பாளர் செலவுக்கு வரம்பு விதித்திருந்தது. விகிதாசார முறைக்கு மாறியபோது வந்த 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டம் அந்த வரம்பைக் கைவிட்டது. ஒருவர் ஒரு தொகுதியில் நின்ற காலத்தில் வரம்பு இருந்தது. ஒருவர் முழு மாவட்டத்திலும் ஓடி, சொந்தக் கட்சிக்காரரோடும் மோத வேண்டிய காலத்தில் வரம்பு இல்லை. அபத்தம் என்றால் இதுதான். அது நாற்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது.

2023 ஜனவரியில் வந்த 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. ஒரு வாக்காளருக்கு இத்தனை ரூபா என்று தேர்தல்கள் ஆணைக்குழு தீர்மானிக்கும். முடிவு வெளியாகி 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தவறினால் சட்டவிரோதச் செயல். அரச நிறுவனங்கள், வெளிநாட்டு அரசுகள், வெளிநாட்டுக் கம்பனிகள், அடையாளம் தெரியாதவர்கள் ஆகியோரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை. சட்டம் நிறைவேறிய அதே நாட்களில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மார்ச் 9இல் நடக்க வேண்டிய அந்தத் தேர்தல், திறைசேரியில் பணமில்லை என்ற காரணத்தால் அப்போது நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேட்பாளரின் செலவைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்ட அரசு, தேர்தலுக்கே செலவழிக்க மறுத்த கதை அது.

எனவே சட்டத்தின் முதல் பரீட்சை 2024 ஜனாதிபதித் தேர்தல்தான். வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா. நாடு முழுவதும் 17,140,354 வாக்காளர். ஒரு வேட்பாளருக்கு வரம்பு 1,868,298,586 ரூபா. அதில் 60 சதவீதம் வேட்பாளர், 40 சதவீதம் கட்சிச் செயலாளர். நூற்றெண்பது கோடிக்கு மேல் போகும் ஒரு தொகை எத்தனை பேரைக் கட்டுப்படுத்தும் என்று வாசகரே யோசிக்கலாம். பொதுத் தேர்தலுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெவ்வேறு தொகை வைத்தார்கள்; அது சரியான முடிவு. திருகோணமலையில் 2024இல் பதிவான வாக்காளர் 315,925. பேச்சுக்குத் தலைக்கு 100 ரூபா என்று வைத்தால் 3 கோடியே 15 இலட்சத்து 92,500 ரூபா வருகிறது. மறுபக்கம், ஆசனத்தைப் புரட்டக்கூடியது 3,920 வாக்கும் சில பதினாலாயிரங்களும். தலைக்கணக்கில் போடும் வரம்பு இந்த இரண்டாவது காசைப் பார்க்கவே பார்க்காது.

மாவட்டத்தின் நிலவமைப்பையும் அது பார்ப்பதில்லை. 2,727 சதுர கிலோமீற்றர். வடக்கே புல்மோட்டை, தெற்கே வெருகல், மேற்கே கந்தளாய், நடுவில் கொட்டியாரக் குடா. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கும்வரை நகரத்திலிருந்து மூதூர்ப் பக்கம் போவதென்றால் படகையோ மிதவைப் பாதையையோ நம்ப வேண்டியிருந்தது. பாலங்கள் வந்தபின் தூரம் குறைந்தாலும் எரிபொருள் குறையவில்லை. திருகோணமலை, மூதூர், சேருவில என்ற மூன்று தொகுதிகளும் மூன்று வேறு உலகங்கள். துண்டுப்பிரசுரம் இரண்டு மொழியில் அடிக்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் சுமார் 40 சதவீதம், தமிழர் 31, சிங்களவர் 27. எந்தச் சமூகத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மாவட்டம். அதனால் எல்லாக் கட்சியும் எல்லாப் பக்கமும் போகத்தான் வேண்டும், காசு உள்ள கட்சிதான் போகவும் முடியும்.

தனி வாக்களிப்பு நிலையம் ஒன்றின் கனதியும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2010இல் கும்புறுப்பிட்டியில் ஒரே ஒரு நிலையத்தின் வாக்கெடுப்பு செல்லாததாகி, ஏப்ரல் 20இல் மறு வாக்கெடுப்பு நடக்கும்வரை மாவட்டத்தின் இறுதி முடிவு நின்றது.

அயலில் என்ன நடக்கிறது என்று ஒரு பார்வை. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 2022 முதல் 40 இலட்சம் ரூபாய் வரம்பு. கட்சிக்கு வரம்பே இல்லை. அந்த விதத்தில் கட்சிச் செயலாளரையும் கணக்குக்குள் இழுத்த இலங்கைச் சட்டம் ஒரு படி மேல். ஆனால் அங்கே தேர்தல் ஆணையம் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர். கே. நகர், 2019இல் வேலூர் என்று பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தலையே நிறுத்தியிருக்கிறது. கணக்கைப் பின்னால் வாங்குவதைவிடக் கையை முன்னால் பிடிப்பதுதான் அங்கே உறைத்தது. இலங்கைச் சட்டம் பின்னால் வாங்கும் வகை. 21ஆம் நாள் வரும் கணக்கு, பதவியேற்ற பிறகு வரும் கணக்கு.

வெளிநாட்டுப் பணத்துக்கான தடையைத் திருகோணமலைக்காரர் அலட்சியமாக வாசிக்கக் கூடாது. 2015 ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்சவின் பிரசாரத்துக்குச் சீனத் துறைமுக நிறுவனம் ஒன்றின் பணம் போனதாக நியூயோர்க் டைம்ஸ் 2018 ஜூனில் எழுதியது, அவர் மறுத்தார். அது அம்பாந்தோட்டையின் கதை. இங்கே சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் இந்திய நிறுவனத்தோடு உடன்படிக்கை. சம்பூரில் இந்தியப் பங்களிப்புடன் சூரியமின் திட்டம். இவற்றால் யாரும் யாருக்கும் தேர்தல் காசு கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. துறைமுகத்தின் பெறுமதி உயர உயர, அதன் நான்கு ஆசனங்களின் பெறுமதியும் உயரும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் முடிவு இது. இந்தச் சட்டம் தேவையானது, ஆனால் தவறான அலகில் அளக்கிறது. வாக்கு முடிவு திருகோணமலை, மூதூர், சேருவில, தபால் என்று பிரிந்து வெளிவருகிறது. வேட்பாளரின் செலவுக் கணக்கோ மாவட்டம் முழுவதற்கும் ஒரே கணக்கு. எந்த ஊரில் எவ்வளவு இறைக்கப்பட்டது, அங்கே எந்தப் பட்டியல் எத்தனை வாக்கெடுத்தது என்று எந்த ஆய்வாளரும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லை. தொகுதிவாரியாகச் செலவைப் பிரித்து எழுதும் படிவம் வர வேண்டும். சுயேச்சைக் குழுக்களின் கட்டுப்பணத்துக்கு யார் பணம் கொடுத்தார் என்பது அதே படிவத்தில் முதல் வரியாக இருக்க வேண்டும். கட்டுப்பணத்தை உயர்த்துவது பதிலல்ல. அது உண்மையான ஏழை வேட்பாளரைத்தான் முதலில் வெளியே தள்ளும். கணக்குகள் தமிழிலும் சிங்களத்திலும் இணையத்தில், வாக்கு முடிவு இருக்கும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இதற்குச் சட்டத் திருத்தம் பெரிதாகத் தேவைப்படாது. படிவத்தை மாற்ற மனம் இருந்தால் போதும். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8இல். அதன் காலம் முடிந்தது 2017இல். அந்தச் சபைக்கான அடுத்த தேர்தலுக்கும் இதே செலவினச் சட்டம்தான் பொருந்தும். வேட்புமனு கோருவதற்கு முன்பே தேர்தல்கள் ஆணைக்குழு புதிய படிவத்தை வெளியிட வேண்டும். மாவட்டத்தின் கட்சிகளும் கண்காணிப்பு அமைப்புகளும் அதை இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும்.